நூம்பலுக்குக் கொண்டுபோன பச்சைச் சேலை

போன ஆனி மாதம் நான் மலேசியாவிலிருக்கும் கிள்ளானிலிருந்து மெட்ராசுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கச்சி கன்னியம்மாவின் மகன் குமார் போன் பண்ணி, "பெரிம்மா, அம்மாவ ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிடு" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. எழுபத்தாறு வயதில் அந்தப் பேச்சுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் முதலில் வைத்தது ஒரு பச்சைச் சேலை. கிளிப்பச்சை, அரக்குக் கரை. அது பரிசு இல்லை. எங்கள் சனத்தில் ஒரு பெண் கண்ணை மூடினால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வர வேண்டும். புருஷன் இருக்கும்போதே போகிறவளுக்கு வர்ணச் சேலை. அண்ணன் தம்பிமார் கொண்டுவந்து போர்த்துவார்கள். எங்களுக்கு இருந்த ஒரே அண்ணன் பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கன்னியம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் எதையோ வாங்கிப் போர்த்தினார்கள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாதே என்று, நானே கடையில் நின்று பார்த்து எடுத்தேன். எதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்பவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மெட்ராசில் இறங்கி, தங்கச்சி வீடு இருக்கும் நூம்பல் போய்ச் சேருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. நெடுஞ்சாலை முழுக்கத் தூண் எழுப்பி, மேலே ரயில் விடும் வேலை. எங்கள் ஊரிலும் தூண் மேல் ரயில் ஓடுகிறது. ஆனால் கட்டும்போது அதன் நிழலில் இளநீர் விற்க விடமாட்டார்கள். இங்கே தூணுக்கு ஒரு இளநீர்க்காரர் இருந்தார். வேலப்பன்சாவடியில் திரும்பி நூம்பலுக்குள் போனால் ஒரு பக்கம் பத்து மாடிக் குடியிருப்பு, அதன் காம்பவுண்டு சுவரை ஒட்டி வைக்கோல் போர். கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய பெண்ணும் ஒரு எருமையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போவதைப் பார்த்தேன். இரண்டுக்கும் அவசரம் இல்லை.

வாசலில் கன்னியம்மாவின் புருஷன் மாசிலாமணி நின்றிருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் மாட்டின மாதிரி தொங்கியது. படுத்திருப்பது அவரா அவளா என்று ஒரு நிமிஷம் எனக்கே குழம்பிவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இருதயம் களைத்துவிட்டது, உடம்பில் நீர் தங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே போனேன்.

"இன்னாக்கா, இப்புடிக் கறுத்துட்ட?" என்றாள்.

அதுதான் முதல் பேச்சு. அடுத்தது டாக்டர் சொன்னது. இனிமேல் அவங்க கேட்டதை வாங்கிக் கொடுங்கள் என்று டாக்டர் குமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கன்னியம்மா அதை வேறு கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு, கேட்டத வாங்கிக் குடுக்கணும்னு. நானு வஞ்சிர மீனு கேட்டுகினு கீறேன். இவரு வாங்கியாராம அழுதுகினு கீறாரு" என்றாள் என்னிடம். மருமகள் தேவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தத் தப்பு நடந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் சுற்றி உட்கார்ந்து பெட்டியைத் திறப்பதுதானே நம் வீடுகளில் வழக்கம். கன்னியம்மா தேவியை விட்டுத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். ஈரத் தலையோடு நான் வந்து நின்றபோது, பிஸ்கட் டப்பாவும் தைலப் புட்டியும் ஒரு பக்கம் கிடக்க, பச்சைச் சேலை அவள் மடியில் விரிந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு, "ஆடிக் கூழ் ஊத்துற அன்னிக்குக் கட்டிக்க ஒரு பச்ச வேணும்னு இருந்தேன். நீயே எட்த்தாந்துட்ட" என்றாள்.

இது உனக்கு இல்லை என்று சொல்ல முடியாது, அது உனக்குத்தான். உனக்குத்தான் என்றும் சொல்ல முடியாது. தலையைத் துவட்டிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் இட்லியும் வடகறியும் பசியாறினோம். வடகறி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. உடைத்துப் போட்ட பருப்பு வடையைக் குழம்பில் ஊறவைத்து இத்தனை ருசியாக ஆக்க முடியும் என்றால், எந்த மிச்சத்தையும் வீணாக நினைக்கக் கூடாது என்று தோன்றியது. கன்னியம்மாவுக்கு உப்பில்லாமல் தனி இட்லி. முகம் சுளிக்காமல் ஒன்றரை சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு தேவியை அனுப்பித் தையல்காரம்மாவை வீட்டுக்கே வரவழைத்தாள். சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை வெட்டி ரவிக்கை தைக்க வேண்டுமாம்.

தையல்காரம்மா கையைச் சுற்றி டேப்பை வைத்து அளவு சொன்னாள். கன்னியம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"இப்ப வீங்கிக் கீது. ஆடிக்குள்ள வத்திடும். கையில ஒரு இஞ்சு கொறச்சே தை."

தையல்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கத்தரி துணியில் ஓடியது. சாவுக்கென்று எடுத்த துணி. அதை உயிரோடு இருப்பவள் உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும்? என்னுடைய முன்யோசனையே அவளைக் கொண்டுபோய்விடுமோ என்று அன்று பகல் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். அதே மாதிரி வேறு சேலை வாங்கிவந்து மாற்றிவைத்துவிடுவது. கண்ணாடி போடாமல் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! திருவேற்காட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று தேவியிடம் பொய் சொல்லிவிட்டு, பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

சாலையோரம் வரிசையாக வேன்கள் நின்றன. எனக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆனால் நின்று நிதானமாக வாசிக்க வேண்டும். பலகையில் நான் 'பூ' என்று வாசிக்கத் தொடங்குவதற்குள் அந்த வேன் போய்விட்டது. அடுத்ததில் ஒருத்தர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எங்கே போகிறது என்று கேட்பதற்குள் மடியில் யாரோ ஒரு பையையும், பையின் மேல் யாரோ ஒரு குழந்தையையும் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் குளிர்சாதனம் உண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இங்கே அந்தக் குழந்தைக்குப் பல் முளைப்பதிலிருந்து அதன் அப்பாவுக்கு அம்பத்தூரில் ராத்திரி ஷிப்ட் என்பது வரைக்கும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன். இறங்கிப் பார்த்தால் திருவேற்காட்டுக் கோவில் வாசல். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னால் சாமி விட்டுவிடுமா! உள்ளே போய்க் கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. அவளை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. அவள் கஷ்டப்படாமல் இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து ஆட்டோ. ஓட்டின தம்பி என்னை ஆயா என்று கூப்பிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா என்று கூப்பிடச் சொன்னேன். "சரிம்மா, கோச்சிக்காத" என்று சிரித்தான். முன்பின் தெரியாதவன் என்பதாலோ என்னவோ, அவனிடம் சேலைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். பூந்தமல்லியில் இறக்கிவிடும்போதுதான் அவன் சொன்னான்.

"அத்த அவங்க கட்டிகினா கட்டிக்கட்டுமே. நீ இன்னாத்துக்கு இப்புடிப் பேஜார் ஆவுற?"

பெரியவர்கள் விஷயம் அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

கடையில் ஒரு பெண் முகம் கோணாமல் சேலைகளை மலைபோல் இறக்கிப் போட்டாள். கடைசியில் ஏறக்குறைய அதே பச்சை கிடைத்தது. கரையும் அரக்குதான், ஆனால் அதில் சின்னச் சின்ன மாங்காய் ஓடியது. போதும் என்று வாங்கினேன். கடையின் வாசலில் நின்று ஒரு பன்னீர் சோடா குடித்தேன். வாயில் ரோஜாப்பூ வாசமும் மூக்கில் ஏப்பமும் ஒன்றாக வந்தன.

வீட்டில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். பழைய சேலையை எடுத்து என் பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதியதை அதே மடிப்பில் அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் தையல்காரம்மா ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கரை பொருந்துகிறதா பார்க்கலாம் என்று கன்னியம்மா சேலையைக் கேட்டாள். மடியில் வைத்து, ரவிக்கையைப் பக்கத்தில் வைத்து, விரலால் கரையைத் தடவினாள்.

"அக்கா, இது அது இல்ல."

கடைக்காரன் ஒரே மாதிரி இரண்டு கொடுத்தான் என்று ஏதோ உளறினேன். அவள் தேவியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். மாசிலாமணி வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சேல எதுக்கு வந்துச்சுன்னு பொட்டியத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "முந்தானையில மஞ்சா இல்ல. என் கல்யாணத்துக்கு அனுப்பின, குமாரு காது குத்தலுக்கு அனுப்பின. ஒரு துணியாவது மஞ்சா வெக்காம நீ அனுப்பிகீறியா? இது மட்டும் மொட்டையா வந்து நின்னா எனக்குத் தெரியாதா?"

நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்போம். கோடிக்கு வைக்க மாட்டோம். முறை தவறாமல் செய்தது என்னையே காட்டிக்கொடுத்துவிட்டது. தெரிந்துமா கட்டிக்கொள்வதாகச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன இன்னா? எவ்ளோ நல்ல சேல! மேல போத்திவுட்டா ஊரே பாக்கும், நான் பாக்க முடியுமா? நானே கட்டிகினு நாலு பேருகிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்."

"எனக்குப் பயமா இருக்குடி, கன்னி."

"எனக்கு மட்டும் இல்லியா? பயந்துகினேதான் ரவிக்க தைக்கக் குடுத்தேன்."

அதைக் கேட்டு நான் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். வந்த நாளிலிருந்து அடக்கினது அத்தனையும் வந்தது. அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவளுக்கு நோயாளி ஆறுதல் சொன்னாள். பிறகு தேவியைக் கூப்பிட்டு மஞ்சள் குழைத்து வரச்சொன்னாள். நான் பெட்டியிலிருந்து பழைய சேலையை எடுத்துக் கொடுத்தேன். முந்தானை ஓரத்தில் அவளே விரலால் தொட்டு வைத்தாள். மாங்காய்க் கரைச் சேலைக்கும் தொட்டு வைத்துத் தேவியிடம் கொடுத்துவிட்டாள். வாசற்படியில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போல. எழுந்து உள்ளே வந்து, "காலைல வஞ்சிரம் வாங்கியாரவா?" என்று அவளைக் கேட்டார். அன்று ராத்திரி அவர் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்று தேவி எனக்கு ஜாடை காட்டினாள்.

அதற்குப் பிறகான நாட்களில் சொல்லும்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. சின்னச் சின்னதாக நடந்தது. கன்னியம்மா தனக்கென்று தினம் ஒரு வேலை வைத்துக்கொண்டாள். ஒரு நாள் கூழுக்குக் கேழ்வரகு புடைக்க வேண்டும் என்று முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் கட்டிலிலிருந்து வாசற்படி வரை நடை. மறுநாள் வாசற்படியிலிருந்து முருங்கைமரம் வரை. மூச்சு வாங்கினால் உட்காருவாள். தோற்றுப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மாட்டாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். மாத்திரை நேரத்தை நாங்கள் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. தண்ணீரை அளந்து குடித்தாள். காலைப் பார்த்து, "வத்துதா பாரு, வத்துதா பாரு" என்று எங்கள் உயிரை எடுத்தாள்.

பூந்தமல்லியில் அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். சின்ன வயதுப் பெண். எடை பார்த்தாள், காலை அழுத்திப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். நீர் நன்றாக இறங்கியிருக்கிறது என்றாள். கன்னியம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே திரும்பிப் போனேன். என் தங்கச்சி பிழைத்துவிட்டாளா என்று நேராகக் கேட்டேன்.

குணமாயிடுச்சு என்று சொல்ல மாட்டேன், அந்த இருதயம் அப்படியேதான் இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னாள். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒரே மாத்திரையத்தான் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறேன் பாட்டி. அடுத்த மாசத்துக்கு ஒரு வேலைய வச்சிருக்கிறவங்க ஒழுங்கா முழுங்குறாங்க, நடக்குறாங்க, சாப்பிடுறாங்க. செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டவங்களுக்கு நான் என்ன எழுதிக் குடுக்கிறது?" என்றாள்.

பாட்டி என்றதை நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சீனக் கிழவியை நினைத்துக்கொண்டேன். தொண்ணூறு தாண்டிவிட்டாள். வாரம் தவறாமல் கடைக்கு நடந்துபோய் நாலு நம்பர் லாட்டரி எழுதுவாள். இந்த வாரம் விழும் என்பாள். விழாது. அடுத்த வாரமும் நடந்து போவாள். அவளைப் பார்த்து நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்! நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? புருஷன் போன பிறகு இருக்கிற துணியே எனக்குக் காணும் என்று ஒரு சேலை வாங்கியதில்லை. அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி ஞாயிறு வந்தது. தெருமுனை அம்மன் கோவிலில் விடியும் முன்பே ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். வேப்பிலைத் தோரணம், பெரிய பெரிய அண்டாக்களில் கூழ். குடியிருப்புப் பெண்கள் எவர்சில்வர் தூக்கோடு வந்து நின்றார்கள். பழைய ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்தார்கள். வரிசையில் யார் முன்னே என்று ஒரு சின்னச் சண்டையும் நடந்து முடிந்தது.

கன்னியம்மாவுக்கு நானும் தேவியும் சேலை கட்டிவிட்டோம். ரவிக்கை கையில் கொஞ்சம் பிடித்தது. அவள் சொன்ன அளவுக்கு வற்றவில்லை. தையல்காரம்மா அவள் பேச்சை நம்பாமல் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தாள். ஒரு தையலைப் பிரித்துவிட்டோம், சரியாகிவிட்டது.

"அடுத்த ஆடிக்கு மறுபடி புடிச்சிக்கலாம்" என்றாள் தங்கச்சி.

வீட்டிலிருந்து கோவிலுக்கு ஐம்பது அறுபது அடிதான் இருக்கும். மாசிலாமணி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். இரண்டு இடத்தில் போட்டு உட்காரவைத்தார். அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் எனக்கும் மூச்சு நின்றது. சேலை மேலேயே என் கண் இருந்தது. பயம் எனக்கு முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுக்காரி கிட்டே வந்து முந்தானையைப் பிடித்துப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டாள்.

"கடை இல்ல. எங்க அக்கா மலேசியாலேர்ந்து எட்த்தாந்தா. பொறந்த ஊட்டுச் சேல" என்றாள் கன்னியம்மா. பிறந்த வீட்டுச் சேலை என்றதும் அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

கூழ் வாங்கிக் கொடுத்தோம். கருவாட்டுக் குழம்பு அவளுக்கு ஆகாது, முருங்கைக்கீரையும் பச்சை வெங்காயமும் தொட்டுக்கொண்டாள். வீங்கின விரலில் சொம்பு நழுவியது. கெட்டிக் கூழ் மடியில் கொட்டி, கொசுவம் முழுக்க வழிந்து, கால்வரை போனது. நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அவள் மட்டும் உட்கார்ந்தபடியே மடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்து, அதோடும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தச் சேலையை இனித் துவைக்காமல் முடியாது என்பது புரிந்ததும் நானும் உட்கார்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலையில் தேவி சேலையை மெஷினில் போடப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் முக்கி, கூழ் காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி, சோப்பு போட்டுக் கசக்கினேன். முதல் தண்ணீரில் பச்சைச் சாயம் கொஞ்சம் இறங்கியது. முந்தானை ஓரத்து மஞ்சளும் மங்கியது. கடைக் கஞ்சி போய்த் துணி கையில் துவண்டது. அலசி, பிழிந்து, மறுபடி அலசினேன். ஒரு முறை தண்ணீரில் நனைத்துத் துவைத்த துணியை எங்கள் சனத்தில் யாரும் கோடி என்று கொண்டுபோய்ப் போர்த்த மாட்டார்கள். அது உடுத்துகிற சேலை, அவ்வளவுதான். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நாலாவது தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினேன்.

மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். நல்ல வெயில், நல்ல காற்று. கீழே நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டு உட்கார்ந்திருந்த கன்னியம்மா அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"வெயில்ல போடாதக்கா. நெழல்ல போடு, வெளுத்துடும்."